குழந்தை அழுதால் முதலில் துணியைக் கழற்றிப் பாருங்கள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமங்களில் 26 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாளில் வரிசையில் நிற்கும் அம்மாக்களில் இரண்டு பேராவது என் காதருகே குனிந்து, "ராத்திரி முச்சூடும் அயுதுனே கீது நர்சம்மா, இன்னான்னே தெரியல" என்று சொல்வார்கள். அதற்குள் வீட்டில் ஆயா (பாட்டி) குழந்தையைப் புடவையில் போட்டு உருட்டி உரம் எடுத்திருப்பார், அத்தை கிரைப் வாட்டர் ஊற்றியிருப்பார், பக்கத்து வீட்டுக்காரம்மா மிளகாய் சுற்றிப் போட்டிருப்பார். குழந்தையை வெளிச்சத்தில் படுக்க வைத்து, உடம்பில் ஒரு நூல் இல்லாமல் கழற்றி, தலை முதல் கால் வரை பார்த்தீர்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது.

இதை எழுதுவது அதற்காகத்தான். அழுகை எப்படி இருக்கிறது என்று பார்த்து அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசில்லாமல் சரியாவதை முதலிலும், ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டியதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எதையும் பார்க்காமல் உடனே கிளம்பவேண்டியது

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் காரணம் தேடிக்கொண்டு உட்காராதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

- 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தெர்மாமீட்டரில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் (ஊசி போட்ட ஒன்றிரண்டு நாளில் வரும் காய்ச்சலுக்கு அறிகுறி 7-ஐப் பாருங்கள்), அல்லது கைகால் மட்டுமில்லாமல் மார்பும் வயிறும் சில்லிட்டுப் போதல்
- பால் குடிக்கவே மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் துவண்டு கிடப்பது
- வலிப்பு, உச்சிக்குழி புடைத்து நிற்பது
- மூச்சு வாங்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுவது. 2 மாதத்துக்குள் நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு
- பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் ரத்தம்
- கீழே விழுந்த பிறகு தொடங்கிய அழுகை

பச்சை வாந்தியைப் பித்தம் என்று சொல்லிக் காத்திருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பால் குடிக்கும் குழந்தை பச்சையாகக் கக்கினால் குடலில் அடைப்பு இருக்கலாம். அது சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய விஷயம். பீஞ்சமந்தை போன்ற மலைக் கிராமங்களில் இருப்பவர்கள் இறங்கிவரும் நேரத்தையும் கணக்கில் வைத்து, சந்தேகம் வந்த உடனே கிளம்பிவிடுங்கள்.

அறிகுறி 1: பால் குடித்து முடித்தும் அழுகிறது

*பால் போதவில்லையோ என்ற பயம்.* இந்தப் பயத்தில்தான் பவுடர் பால் டப்பா வீட்டுக்குள் வருகிறது. டப்பா வாங்கும் முன் மூத்திரத்தை எண்ணுங்கள். பிறந்து ஒரு வாரம் ஆன குழந்தை 24 மணி நேரத்தில் 6 தடவைக்குக் குறையாமல், மஞ்சள் ஏறாமல் வெளிர் நிறத்தில் போனால் பால் போதுமான அளவு கிடைக்கிறது. அடுத்தது எடை. பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் திரும்பப் பிடித்து, அதன் பிறகு முதல் 3 மாதம் நாளுக்கு 20 முதல் 30 கிராம் கூட வேண்டும். துணை சுகாதார நிலையத்தில் எடை போடக் காசு கிடையாது.

இரண்டும் சரியாக இருந்தால் பாலில் குறை இல்லை. மூன்றாவது, ஆறாவது வார வாக்கில் குழந்தை ஒரு மணிக்கு ஒருதரம் பால் கேட்கும். இரண்டு மூன்று நாளில் அடங்கிவிடும். கேட்கும்போதெல்லாம் கொடுங்கள். ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை என்பது சாதாரணம்.

*பிடி சரியில்லை.* குழந்தையின் வாய் அகலத் திறந்திருக்கிறதா, கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கிறதா, தாடை மார்பில் ஒட்டியிருக்கிறதா, விழுங்கும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள். காம்பை மட்டும் பிடித்துச் சப்பினால் உங்களுக்கு வலிக்கும், அதற்குப் பால் வராது. விரலை ஓரமாக விட்டு எடுத்து மறுபடி வையுங்கள்.

*ஏப்பம் வரவில்லை.* தோளில் சாய்த்து ஐந்து பத்து நிமிடம் முதுகை நீவுங்கள்.

*தண்ணீர்த் தாகம் என்ற சந்தேகம்.* மே மாதத்தில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது, "நமக்கே நாக்கு வறளுது, அதுக்கு மட்டும் வறளாதா" என்று ஆயாக்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான். வெயில் நாளில் கூடுதலாக இரண்டு தடவை பால் கொடுங்கள். தண்ணீரைத் தாய் குடிக்க வேண்டும். 6 மாதம் முடியும்வரை குழந்தைக்குத் தண்ணீர், சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயது வரை நாக்கில் தடவவும் கூடாது.

மூத்திரம் 6 தடவைக்குக் குறைந்தாலோ எடை ஏறாமல் நின்றாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 2: குடிக்கும்போதே மார்பை உதறிவிட்டு அழுகிறது

பால் கட்டி மார்பு கல்லாக இருந்தால் குழந்தையால் பிடிக்க முடியாது. கொஞ்சம் பீய்ச்சிவிட்டு வையுங்கள். பால் வேகமாகப் பாய்ந்து புரையேறினால், நீங்கள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கொடுங்கள்.

அடுத்து மூக்கு. மூக்கடைத்த குழந்தை வாயில் பாலை வைத்துக்கொண்டு மூச்சு விட முடியாமல் உதறும். மருந்துக் கடையில் குழந்தைகளுக்கான உப்புநீர்ச் சொட்டு கிடைக்கும். பால் கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு போதும். தலைக்கு ஊற்றும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை நிறுத்துங்கள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குப் போய்ச் சளிக்காய்ச்சல் வந்த குழந்தையை நானே ஆம்புலன்சில் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். சாம்பிராணிப் புகையும் மிளகாய் சுற்றிப் போட்ட புகையும் இதே மூக்கைத்தான் அடைக்கின்றன. சுற்றிப் போடுங்கள், மனசுக்கு ஆறுதல் என்றால் நான் தடுக்கவில்லை. அடுப்பில் போடும்போது குழந்தை வேறு அறையில் இருக்கட்டும்.

பீடி சுற்றும் வீடுகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் முறத்தை மடியில் வைத்தபடியே ஏணையை (தூளியை) ஆட்டும் தாய்மார்களை எனக்குத் தெரியும். ஆயிரம் பீடிக் கணக்கு முடிய வேண்டும், குழந்தையும் அழக்கூடாது. அந்தக் கஷ்டம் புரியாமல் சொல்லவில்லை. புகையிலைத் தூள் குழந்தையின் மூக்கிலும் கண்ணிலும் படும், உங்கள் விரல் வழியாக வாய்க்கும் போகும். முறத்தை வேறு அறைக்கோ திண்ணைக்கோ மாற்றுங்கள். பால் கொடுக்கும் முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, மேலே வேறு துணி போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக வாயைத் திறந்து பாருங்கள். நாக்கிலும் கன்னத்து உள்பக்கத்திலும் துடைத்தாலும் போகாத வெள்ளைப் படலம் இருந்தால் அது பூஞ்சை. தாய்க்கும் காம்பு எரியும். இருவருக்கும் சேர்த்து மருந்து வேண்டும். சளியோடு, படுக்க வைத்தால் அழுகை கூடினால் காது வலியாக இருக்கலாம். காதில் காய்ச்சிய எண்ணெய் விடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

அறிகுறி 3: சாயங்காலம் ஆனால் போதும், தினமும் அழுகை

பகலெல்லாம் சிரிக்கும் குழந்தை விளக்கு வைக்கிற நேரத்தில் முகம் சிவந்து, காலை மடக்கிக்கொண்டு, கையை முறுக்கி அழும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில் தொடங்கி, ஆறு முதல் எட்டு வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானாக அடங்கிவிடும். எடை ஏறுகிறது, பால் குடிக்கிறது, காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை என்றால் இது நோய் இல்லை. தாயின் சாப்பாட்டைக் குறைத்து ரசஞ்சோறு மட்டும் போடவேண்டிய அவசியமும் இல்லை.

வேலை செய்வதைச் சொல்கிறேன். முதலில் கூட்டத்தைக் குறையுங்கள். டிவியை அணையுங்கள். குழந்தையை முன்கையின் மேல் குப்புறப் போட்டு, தலை முழங்கை மடிப்பில், வயிறு உங்கள் கையில் அழுந்தும்படி வைத்துக்கொண்டு நடங்கள். காதருகில் "ஷ்ஷ்ஷ்" என்று நீளமாக, அழுகையைவிடக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள். சட்டையில்லாமல் தாயின் அல்லது தகப்பனின் வெறும் மார்பில் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றை ஆரம்பித்தால் ஐந்து நிமிடமாவது விடாமல் செய்யுங்கள். அரை நிமிடத்துக்கு ஒரு கை மாறினால் குழந்தை இன்னும் கலங்கும்.

ஏணையில் போட்டு மெதுவாக ஆட்டலாம். முகம் எப்போதும் வெளியே தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் இடிக்கக்கூடாது. தூங்கிய பிறகு தரையில் பாய் விரித்து மல்லாக்கப் படுக்க வைப்பது இன்னும் பத்திரம்.

கிரைப் வாட்டர் அழுகையை நிறுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. உரை மருந்தும் வேண்டாம். உரைக்கிற கல்லிலிருந்தே வயிற்றுப்போக்கு வரும். வசம்பை நாக்கில் தடவாதீர்கள். வசம்பு வளையலும் வேண்டாம், நான்கு மாதக் குழந்தை கையை வாயில் வைக்கும்போது மணி கழன்று தொண்டையில் சிக்கும்.

அறிகுறி 4: தூக்கினால் அழுகை, கீழே விட்டால் அடங்குகிறது

எல்லாரும் உரம் விழுந்துவிட்டது என்று சொல்வது இந்த அழுகையைத்தான். புடவையில் போட்டு இரண்டு பேர் இரண்டு பக்கம் பிடித்து உருட்டுவார்கள். மெதுவாக உருட்டினால் ஏணை ஆட்டின மாதிரி குழந்தை அமைதியாகிவிடுவதால் உரம் எடுபட்டதாகத் தோன்றும். வேகமாகக் குலுக்கினால் கழுத்து நிற்காத குழந்தையின் மூளையில் ரத்தம் கசியும். தலைகீழாகப் பிடித்துக் குடல் ஏற்றம் தட்டுவதும், தொக்கம் எடுக்கிறேன் என்று தொண்டைக்குள் விரல் விடுவதும் இதே போல ஆபத்து.

அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். மல்லாக்கப் படுக்க வைத்து இரண்டு கையும் ஒரே மாதிரி அசைகிறதா என்று பாருங்கள். ஒரு கை அசையாமல் கிடந்தால், கழுத்துக்குக் கீழே தோள் எலும்பின் மேல் விரலால் தடவுங்கள். பெரிய குழந்தையாக, சிரமப்பட்டுப் பிறந்திருந்தால் காறை எலும்பில் விரிசல் விட்டிருக்கலாம். பெரும்பாலும் அது இரண்டு மூன்று வாரத்தில் தானாகக் கூடிவிடும், ஆனால் டாக்டர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஒரு காலை அசைக்காமல், தொட்டாலே வீறிட்டு, காய்ச்சலும் இருந்தால் மூட்டில் சீழ் பிடித்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரி.

அறிகுறி 5: சும்மா இருந்தது, திடீரென்று வீறிட்டு அழுகிறது

தலைப்பில் சொன்னது இங்கேதான் உயிர் காக்கும். தொப்பி, சட்டை, காலுறை, கோமணத் துணி எல்லாவற்றையும் கழற்றுங்கள். நல்ல வெளிச்சம் வேண்டும்.

கண்ணில் தொடங்குங்கள்: ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வடிந்தால் நகம் கீறியிருக்கலாம். தாய்ப்பாலோ விளக்கெண்ணெயோ விடாமல் டாக்டரிடம் போங்கள். காதுக்குப் பின்னால், கழுத்து மடிப்பில், அக்குளில் எறும்பு. துணியில் ஊக்கு. அரைஞாண் கயிறு இடுப்பில் அழுந்திப் புண்ணாகியிருக்கிறதா? பிறந்த மாதம் கட்டிய கயிறு மூன்றாம் மாதம் அளவு போதாது. தொப்புளில் காசு வைத்துக் கட்டியிருந்தால் அவிழ்த்துவிடுங்கள்; தொப்புள் புடைப்பு தானாக உள்ளே போகும். தொடை இடுக்கில் சிவந்து வெந்திருந்தால் வெறும் தண்ணீரில் கழுவி, ஒற்றித் துடைத்து, துணி கட்டாமல் காற்றாட விடுங்கள்.

பிறகு கால் விரல்கள், ஒவ்வொன்றாக. ஆண் குழந்தைக்கு ஆணுறுப்பும்.

ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் இரண்டரை மாதப் பெண் குழந்தை. இரண்டு நாளாக அழுகை, உரம் எடுத்தாயிற்று, மந்திரித்துக் கயிறும் கட்டியாயிற்று. கம்பளிக் காலுறையைக் கழற்றினேன். இடது காலின் மூன்றாவது விரல் நாவல் பழம் மாதிரி கருநீலமாக உப்பியிருந்தது. விரலின் அடியில் பென்சிலால் கோடு கிழித்த மாதிரி ஒரு பள்ளம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தேன். பள்ளத்துக்குள் தாயின் தலைமுடி, மூன்று சுற்று. பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிரும், அது காலுறைக்குள் போய்ச் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் இடுக்கியால் பிடித்துப் பிரிக்க முடிந்தது. முடி கழன்ற ஒரு நிமிடத்தில் அழுகை விம்மலாகி, பால் கேட்டது. அரை மணியில் விரலுக்குச் சிவப்பு திரும்பியது. ஆனாலும் உள்ளே துண்டு ஏதாவது தங்கியிருக்கும் என்று அன்றே டாக்டரிடம் அனுப்பினேன். அந்த அம்மா குழந்தையின் காலைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நுனி தெரியாவிட்டால் நோண்டாதீர்கள். முடி தோலுக்குள் புதைந்திருக்கும். உடனே ஆஸ்பத்திரி, தாமதமானால் விரல் போய்விடும். காலுறை போட்டே ஆகவேண்டும் என்றால் உள்பக்கத்தை வெளியே திருப்பி, உதறிவிட்டுப் போடுங்கள்.

துணி கழற்றியும் எதுவும் கிடைக்கவில்லையென்றால் இன்னும் இரண்டு இடம் உண்டு.

*தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ வீக்கம்.* அழும்போது வந்து, அமைதியானால் உள்ளே போனால் குடலிறக்கம். அந்த வாரமே காட்டுங்கள். உள்ளே போகாமல் கெட்டியாக, சிவந்து, வாந்தியும் இருந்தால் அந்த நிமிடமே கிளம்புங்கள்.

*விட்டு விட்டு வரும் வீறல்.* ஐந்து மாதம் முதல் ஒரு வயது வரை கவனம். காலை மடக்கிக்கொண்டு இரண்டு நிமிடம் அலறும், பிறகு வெளுத்துத் துவண்டு கிடக்கும், பதினைந்து இருபது நிமிடம் கழித்து மறுபடி அலறும். குடலுக்குள் குடல் சொருகிக்கொள்வது இது. ஜவ்வோடு சிவப்பாக மலம் போகும்வரை காத்திருக்காதீர்கள். சீக்கிரம் போனால் கத்தி வைக்காமலே சரிசெய்ய முடியும். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சி.எம்.சி. போன்ற குழந்தைகள் அறுவை சிகிச்சை வசதி உள்ள இடத்துக்கு நேராகப் போவது நல்லது.

அறிகுறி 6: வெயில் கால ராத்திரி, கரண்ட் போனால் அழுகை

சிமெண்ட் ஷீட் போட்ட வீடு, கதவு சாத்தியிருக்கிறது, பச்சை உடம்புக்குக் காற்று ஆகாது என்று குழந்தைக்குக் கம்பளித் தொப்பி, மேலே இரண்டு சுற்றுத் துணி. பின்கழுத்தில் விரல் வைத்துப் பாருங்கள். வியர்த்துச் சுட்டால் கழற்ற வேண்டும். மே மாதத்தில் நிறைமாதக் குழந்தைக்கு ஒற்றைப் பருத்திச் சட்டை போதும். தொப்பி எடை குறைந்த குழந்தைக்கும் பிறந்த முதல் நாட்களுக்கும்தான். ஜன்னலைத் திறங்கள், ஃபேன் நேராக முகத்தில் படாமல் ஓடட்டும், சாதாரணத் தண்ணீரில் நனைத்த துணியால் உடம்பைத் துடைத்துவிட்டுப் பால் கொடுங்கள். வேர்க்குருவுக்குப் பவுடர் கொட்டாதீர்கள், தூள் மூச்சோடு உள்ளே போகும்.

துணி கழற்றி இருபது நிமிடம் கழித்தும் தெர்மாமீட்டர் 100.4-க்குக் கீழே வரவில்லையென்றால் அது புழுக்கம் இல்லை, காய்ச்சல்.

அறிகுறி 7: ஊசி போட்ட அன்று அழுகை

6, 10, 14-ஆவது வாரம் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசிக்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காய்ச்சலும் தொடையில் வீக்கமும் வரும். ஈரத்துணி வையுங்கள். தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ வேண்டாம். காய்ச்சலுக்கான சொட்டு மருந்தை எடைக்குத் தக்கபடி செவிலியர் சொன்ன அளவில் மட்டும் கொடுங்கள். மூன்று மணி நேரத்துக்கு மேல் எதற்கும் அடங்காமல் அழுதால் அன்று இரவே செவிலியருக்கோ டாக்டருக்கோ சொல்லிவிடுங்கள். காலை வரை தொந்தரவு செய்யக்கூடாது என்று தயங்காதீர்கள்.

அறிகுறி 8: முக்கி முக்கி அழுதபிறகு மலம் போகிறது

மலம் மெத்தென்று இருந்தால் கவலை இல்லை. முக்கக் கற்றுக்கொள்கிறது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு மாதத்துக்குப் பிறகு சில நாள் போகாமலும் இருக்கும். வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது இரண்டும் புண்ணாக்கும். பிறந்து 24 மணி நேரத்தில் முதல் மலம் போகவில்லையென்றாலோ, வயிறு உப்பிக் கெட்டியாக இருந்தாலோ டாக்டரிடம் போங்கள்.

அறிகுறி 9: எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை, இன்னும் அழுகிறது

பால், துணி, உடம்பு, காய்ச்சல் எல்லாம் சரி. மணி இரவு இரண்டு. உங்கள் கை நடுங்குகிறது, "வாயை மூடேன்" என்று கத்தத் தோன்றுகிறது. எத்தனையோ தாய்மார்கள் என்னிடம் இதைச் சொல்லிவிட்டுத் தலை குனிந்திருக்கிறார்கள். அந்த நினைப்பு வந்ததால் நீங்கள் கெட்ட தாய் ஆகிவிடவில்லை. ஆனால் அந்த நிமிடத்தில் குழந்தை உங்கள் கையில் இருக்கக்கூடாது. ஒரு தடவை கோபத்தில் உலுக்கினாலே பார்வை போகும், உயிரும் போகும்.

பாயில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். பக்கத்தில் தலையணை, துணிமூட்டை எதுவும் வேண்டாம். வெளியே வந்து பத்து நிமிடம் திண்ணையில் உட்காருங்கள், முகம் கழுவுங்கள், தண்ணீர் குடியுங்கள். பத்து நிமிடம் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. பிறகு வீட்டில் ஒருவரை எழுப்பிக் கையில் கொடுங்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு: "எங்க காலத்துல நாங்க வளக்கலையா" என்று சொல்வதை விட்டு, குழந்தையை இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு அந்தப் பெண்ணைத் தூங்கச் சொல்லுங்கள். தகப்பன்மார் காலையில் வேலைக்குப் போகவேண்டும் என்பது தெரியும், முதல் மூன்று மாதம் ராத்திரியில் ஒரு முறையாவது நீங்கள் எழுந்திருங்கள்.

குழந்தை தூங்கும்போதும் தாய்க்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், சாப்பிடவில்லை, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றுகிறது என்றால், அங்கே வைத்தியம் தாய்க்குத்தான் வேண்டும். தனியாக விடாமல் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416-க்குப் போன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழில் பேசலாம். 104-லும் மருத்துவ ஆலோசனை கிடைக்கும். இரண்டு எண்ணையும் கண்ணில் படும்படி ஏணை கட்டிய பக்கத்துச் சுவரில் எழுதி வையுங்கள்.